கடைசிப் பக்கம் கிழிந்த கதையும் ஒரு சுவரும்

எங்கள் தெருமுனையில் தண்ணீர் லாரியின் மேல் புளியமரக் கிளை முறிந்து விழுந்து, மூன்று நாள் தெருவுக்கே தண்ணீர் வராமல் போனதே, அதற்கு அடுத்த வாரம்தான் அந்தப் புத்தகம் வீட்டுக்கு வந்தது. தேதி கேட்டால் எனக்குத் தெரியாது. கிளையை அறுக்க வந்தவர்கள் விட்டுப்போன விறகை இழுத்து வந்து மாடிப்படிக்கு அடியில் அடுக்கியிருந்தேன். அந்த விறகின் மேல்தான் புத்தகத்தைக் காய வைத்தேன். ஒரு ஓரம் முழுக்க நனைந்திருந்தது.

கொடுத்தவர் குஜரிக்கடைக்காரர். பழைய பேப்பர், இரும்பு, பாட்டில் வாங்குகிற கடையை மைசூரில் அப்படித்தான் சொல்லுவோம். அவர் கன்னடக்காரர், ஆனால் நாலு வார்த்தை நம் பாஷை பேசுவார்.

"தாத்தா, இது உங்க பாஷை அல்வா, இல்லியா? தகோளி, சும்மா எடுத்துட்டு போங்க. இந்த ஊர்ல இதைத் தொட ஆள் இல்ல" என்றார்.

அட்டை இல்லை. முன்னால் சில பக்கமும் இல்லை. ஆகவே யார் போட்ட புத்தகம், யார் யார் எழுதினார்கள் என்று எனக்குத் தெரியாது. பலபேர் எழுதிய கதைகளைச் சேர்த்துக் கட்டியது என்று மட்டும் தெரிந்தது. ஒரு செங்கல் கனம் இருக்கும். முன்னுரையில் மிச்சம் இருந்த அரைப் பக்கத்தில், இவை எல்லாம் நடக்காத விஷயங்கள், எட்டிப் பார்க்க ஆசைப்பட்டவர்களையும் அவர்களைக் கண் ஏமாற்றிய விதத்தையும் பற்றியவை என்று போட்டிருந்தது.

அதை என் வீட்டுக்காரிக்குப் படித்துக் காட்டியபோது அவள் சிரித்தாள்.

"கண்ணு ஏமாத்தறதுக்கு புஸ்தகம் எதுக்குங்க? எனக்குத் தெனமும் ஏமாத்துது."

அவளுக்குச் சர்க்கரை. முதலில் வலது கண் போனது, பிறகு இடது கண்ணில் ஒரு ஜன்னல் அளவு வெளிச்சம் மட்டும் மிச்சம் இருந்தது. அந்த வெளிச்சத்தில் நான் வந்தால் நான் என்று தெரியும், முகம் தெரியாது. ஆகவே படிக்கிற வேலை எனக்கு வந்தது.

இதில் ஒன்று சொல்ல வேண்டும். நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. அவள்தான் ஊரில், கௌதள்ளியில், அஞ்சாவது வரைக்கும் தமிழ் படித்தவள். கல்யாணம் ஆனதும் இரண்டு பேரும் மைசூருக்குக் கட்டட வேலைக்கு வந்தோம். நான் கொத்தனார், அவள் எனக்குச் சித்தாள். மத்தியானம் சாப்பிட்டதும் அரைமணி நேரம் கிடைக்கும். அப்போது பூசாத சுவரில் அடுப்புக்கரியால் ஒரு எழுத்தைப் போடுவாள். நான் பக்கத்தில் அதே மாதிரி போட வேண்டும். சாப்பாட்டு நேரம் முடிந்ததும் அதன் மேலேயே சாந்தை அடித்துப் பூசிவிடுவோம். மைசூரில் எத்தனையோ வீட்டுப் பூச்சுக்கு உள்ளே என்னுடைய அ, ஆ கிடக்கிறது. அந்த வீட்டுக்காரர்களுக்குத் தெரியாது. தெரிந்தால் ஒன்றும் நினைக்கமாட்டார்கள், சுவருக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை.

எனக்குச் சீக்கிரம் வந்த எழுத்து ட. ரசமட்டம் வைத்தால் சரியாக நிற்கிற எழுத்து. கடைசிவரை வராத எழுத்து ஞ. எங்கே ஆரம்பிப்பது, எங்கே சுழிப்பது என்று கை தடுமாறும். அவள் அதற்காகவே ஞ-வை அடிக்கடி போடுவாள்.

என் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தமிழ் பேசுவார்கள், படிக்க வராது. கன்னடம்தான் படிப்பார்கள். ஆகவே எங்கள் வீட்டில் அந்தப் புத்தகத்தைத் திறக்கக்கூடிய ஆள் நான் ஒருவன்தான். நான் படிக்கிறது கல் வைக்கிற மாதிரி. ஒரு எழுத்தை வைத்து, அது உட்கார்ந்ததா என்று பார்த்து, அடுத்ததை வைப்பேன். ஒரு கதைக்கு நாலு நாள், அஞ்சு நாள் ஆகும். மத்தியானம் சாப்பிட்டதும், பழைய பழக்கம், அதே நேரம். அவள் கட்டிலில் படுத்துக்கொள்வாள். நான் வெளிச்சத்துக்காக வாசற்படியில் உட்காருவேன்.

ஒரு கதையில் ஒரு ஊருக்குக் கண்ணாடி விற்கிறவன் வருகிறான். அவன் கண்ணாடி நேற்றைய முகத்தைக் காட்டும். இன்றைக்கு மீசை எடுத்தால் நாளைக்குத்தான் எடுத்த மாதிரி தெரியும். எல்லோரும் வேடிக்கையாக வாங்கி மாட்டுகிறார்கள். ஒரு பெண்பிள்ளையின் புருஷன் செத்துப்போகிறான். எடுத்துப் போட்டுவிட்டு வந்து அவள் கண்ணாடி முன்னால் நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் அவன் சட்டை மாட்டிக்கொண்டு நிற்கிறான். அன்றைக்குப் பொழுதுக்கும் அவள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. மறுநாள் கண்ணாடியில் அவள் மட்டும்தான், அழுதுகொண்டு.

"ஒரே நாள்தானுங்களா?" என்று என் வீட்டுக்காரி கேட்டாள்.

"ஒரே நாள்தான்."

"இன்னொருக்கா படிங்க."

இரண்டாவது தடவை படிக்க ஆறு நாள் ஆனது.

இன்னொரு கதையில் ஒருவன் தூரத்தைப் பார்க்கிற குழாய் ஒன்றை எடுத்துக்கொண்டு மலையேறுகிறான். ஊரில் தன் வீடு எங்கே இருக்கிறது என்று பார்க்க ஆசை. தேடிப் பிடித்துவிடுகிறான். பார்த்தால் அவனே வீட்டுக்குள்ளிருந்து வெளியே வந்து, கதவைப் பூட்டிக்கொண்டு தெருவில் நடந்து போகிறான்.

"அப்ப மலை மேல நிக்கறவன் யாருங்க?"

"அதுதான் புள்ள கதை."

"சாவி யாருகிட்ட இருக்குதுன்னு பாருங்க. சாவி இருக்கறவன்தான் நெசம்."

நான் திருப்பித் தேடிப் பார்த்தேன். சாவியைப் பற்றி எழுதியவர் ஒன்றும் சொல்லவில்லை. எழுதுகிறவர்கள் இப்படித்தான். இன்னொரு கதையில் ஒரு பூதம் ஒரே ராத்திரியில் இருபதடி மண்டபம் கட்டி முடிக்கிறது. பூதமாகவே இருக்கட்டும். ஒரே மூச்சில் அவ்வளவு உயரம் ஏற்றினால் அடி வரிசையில் சாந்து பிதுங்கி வெளியே வந்துவிடும், சுவர் வயிறு தள்ளும். நாலடிக்கு மேல் ஏற்றாமல் ஒரு நாள் ஆறவிட வேண்டும். அதைச் சொன்னால் அவள், "நீங்க கதை படிக்கறீங்களா, வேல பாக்கறீங்களா?" என்பாள்.

இவ்வளவும் சொல்வது, அந்த ஒரு கதைக்கு வருவதைத் தள்ளிப்போடத்தான். அப்போதும் தள்ளித்தான் போட்டேன். அந்தக் கதையில் முதல் பக்கத்தைத் தாண்டியதும் எனக்கு அக்ரஹாரத்துச் சுவர் ஒன்று ஞாபகம் வந்துவிட்டது. நாற்பது வருஷத்துக்கு மேல் யாரிடமும் சொல்லாத சுவர். அதற்குப் பின்னால் யார் இருந்தார்கள் என்று தெரியாமலே நான் அதை மூடினேன். தெரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணம் என்னை விட்டுப் போனதே இல்லை.

கதை இதுதான். ஒருவன் லாட்ஜில் ரூம் எடுத்துத் தங்குகிறான். பொழுதுபோகாமல் சுவரில் விரலால் தட்டுகிறான். அந்தப் பக்கத்திலிருந்து பதில் தட்டு வருகிறது. இவன் இரண்டு தட்டினால் மூன்று. மூன்று தட்டினால் நாலு. எப்போதும் ஒன்று கூட. கீழே போய்க் கேட்டால், அந்த ரூம் காலி என்கிறார்கள். இவனுக்கு ஆசை தாங்கவில்லை. அந்தக் காலி ரூமையும் காசு கொடுத்து எடுத்து, உள்ளே போய் நின்று, தான் தங்கியிருந்த ரூமைப் பார்த்துத் தட்டுகிறான். அங்கிருந்து பதில் வருகிறது. அந்த ரூம் சாவி இவன் சட்டைப்பையில் இருக்கிறது.

நான் நிறுத்திவிட்டேன்.

"படிங்க" என்றாள்.

"கண்ணு எரியுது."

மறுநாள் அடுத்த கதைக்குப் போய்விட்டேன். இரண்டு வரி படித்திருப்பேன்.

"அந்த சொவுத்துக் கதை என்னாச்சு?"

"அது முடிஞ்சுது புள்ள."

"எங்கிங்க முடிஞ்சுது? அவன் ரெண்டு சாவியையும் வெச்சுக்கிட்டு நிக்கறான். என்னைய ஏமாத்தாதீங்க."

திரும்பவும் எடுத்தேன். ஒரு பக்கம் படித்தேன். அதற்கு மேல் இல்லை, கிழித்திருந்தது. மூன்று தாளின் அடி மட்டும் தையலில் ஒட்டிக்கொண்டு நின்றது. பொட்டலம் கட்ட யாரோ கிழித்திருப்பார்கள். அவளிடம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் முதல் நாள் ஏமாற்றிவிட்டேன், மறுபடி இல்லை என்று சொன்னால் நம்பமாட்டாள் என்று தோன்றியது. ஆகவே வெறும் இடத்தைப் பார்த்துக்கொண்டு, எழுத்து எழுத்தாகத் திக்கித் திக்கி, நானே சொன்னேன். அவன் கடப்பாரை வாங்கி வந்து சுவரை உடைத்தான். உடைத்தால் அது இரட்டைச் சுவர். நடுவில் ஒரு சாண் சந்து. சந்துக்குள் ஒரு பெரிய பல்லி. அதுதான் தட்டிக்கொண்டிருந்தது. முற்றும்.

அவள் கையை நீட்டி, "குடுங்க" என்றாள். கொடுத்தேன். விரலால் தடவி அந்த மூன்று தாளின் அடியையும் கண்டுபிடித்துவிட்டாள்.

"பல்லியாக்கும்?"

நான் புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

"கதை எழுதறவன் இத்தன பக்கம் எழுதிப்போட்டு பல்லியில கொண்டாந்து உடுவானுங்களா? இரட்டைச் சொவுராம், ஒரு சாண் சந்தாம். இது கொத்தனார் எழுதுன முடிவு."

நான் சிரிக்க நினைத்தேன், வரவில்லை. அவளுக்கு என் முகம் தெரியாது, ஆனால் சிரிக்காதது தெரிந்துவிட்டது.

"என்னுங்க?"

அப்போதுதான் சொன்னேன். முதல் தடவை.

அக்ரஹாரத்தில் ஒரு பழைய வீடு. அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பாகமாகி, நடுவில் இருந்த கதவை எடுத்துவிட்டு அடைக்க வேண்டும். குனிந்து போகிற உயரம்தான் அந்த வாசல். நிலையை ஆசாரி முன்னாடியே பெயர்த்துவிட்டிருந்தார். தம்பி வீட்டார் வேறு ஊருக்குப் போய் அந்தப் பக்கம் பூட்டிக் கிடந்தது. ஆகவே அண்ணன் பக்கத்திலிருந்து மட்டுமே வேலை. அந்தப் பக்கத்து முகத்தைப் பூச வழியில்லை, கல் கல்லாகவே நிற்கும். வேலை ஆரம்பிக்கும்போது அந்த அறை முழுசாகத் தெரிந்தது. ஒன்றும் இல்லை. உத்தரத்தில் ஊஞ்சல் கொக்கி இரண்டு, அவ்வளவுதான். அதற்கு அப்பால் ஒரு கதவு, சாத்தியிருந்தது. சுவர் ஏற ஏற அந்த அறை இருட்டிக்கொண்டே போனது.

சின்ன வாசல்தானே, அதில் நாலடிக் கணக்கு பார்க்க வேண்டாம், ஒரே நாளில் முடியும். ஒவ்வொரு கல்லையும் வைத்ததும் சாந்து அள்ளுகிற கரணையின் பிடியால் மூன்று தட்டு தட்டுவேன். கல் சாந்தில் உட்கார வேண்டும். கொத்தனார்களில் ஆளுக்கொரு பழக்கம், சிலருக்கு இரண்டு, சிலர் எண்ணமாட்டார்கள். எனக்கு மூன்று. மேலே ஒரே ஒரு கல் வைக்க இடம் பாக்கி. அதற்கு முந்தின கல்லை வைத்து மூன்று தட்டு தட்டினேன். அந்தப் பக்கத்திலிருந்து, கீழே முழங்கால் உயரத்தில், மூன்று தட்டு வந்தது.

கை நின்றுவிட்டது. திரும்பவும் அதே கல்லில் மூன்று தட்டினேன். திரும்பவும் மூன்று. மெதுவாக, விட்டு விட்டு.

சந்து என் கண்ணுக்கு நேரே இருந்தது. தலையைச் சாய்த்து ஒரு கண்ணை வைத்திருந்தால் முடிந்திருக்கும். நான் வைக்கவில்லை. அண்ணன்காரரைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"ஆத்துல யாருமில்லப்பா, அவா போய் ரெண்டு மாசம் ஆறது. காலி ரூம்னா எதிரொலிக்கத்தான் செய்யும். சீக்கிரம் அடைச்சுட்டுப் போ" என்றார்.

எதிரொலி எனக்குத் தெரியாததா? எத்தனை காலி வீட்டில் தட்டியிருக்கிறேன். அது தட்டின இடத்திலிருந்து வரும், கீழேயிருந்து வராது. ஆனால் அவர் நின்றுகொண்டே இருந்தார். கடைசிக் கல்லை வைத்தேன். அதற்கு மட்டும் சாந்து போடவில்லை. சும்மா செருகினேன். உள்ளே யாராவது இருந்து கையால் தள்ளினால் விழட்டும் என்று. அதன் மேல் மெல்லிசாகப் பூசிவிட்டு வந்தேன். என் வேலையில் நான் தெரிந்தே செய்த ஒரே குறை அது.

பிறகு ஒரு மாதம் அந்தத் தெரு வழியாகவே சைக்கிளில் வந்தேன். கூட்டம் கூடியிருக்கிறதா, யாராவது அழுகிறார்களா என்று பார்ப்பேன். ஒன்றும் இல்லை. அவர்கள் வீட்டு வாசலில் தினமும் கோலம் இருந்தது. ஆனாலும் அதற்குப் பிறகு எந்தச் சுவரிலும் கடைசிக் கல்லைத் தட்டிவிட்டு ஒரு மூச்சு நேரம் காத்திருக்காமல் நான் கீழே இறங்கினதில்லை.

இவ்வளவையும் சொல்லி முடித்தபோது அவள் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மிகவும் சாதாரணமாகச் சொன்னாள்.

"அது நானுங்க."

"என்ன நீ?"

"நாந்தான் தட்டுனேன். தண்ணி மொள்ள பின்னால கெணத்துக்குப் போனேனல்லோ. கெணறு ரெண்டு வீட்டுக்கும் பொது. அந்த வீட்டுச் சமையக்கட்டுக் கதவு தாழ்ப்பா போடாமக் கெடந்துச்சு. பெரிய வீடு உள்ள எப்படி இருக்கும்னு பாக்க ஆசை. நொழஞ்சுட்டேன். பாத்தா மேல சந்துல உங்க கை தெரியுது. சும்மா வெளையாட்டுக்குத் தட்டுனேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமல்ல?"

"வந்து பாத்தா மூஞ்சி வெளுத்து நிக்கறீங்க. பெரியவரு வேற பக்கத்துல. அடுத்தவங்க ஊட்டுக்குள்ள பூந்தேன்னு எப்படிச் சொல்றது? அப்பறம் மறந்தும் போச்சு. நம்பலீன்னா போய்ப் பாருங்க. முந்தானையில கரி முடிஞ்சிருந்தேன். கீழ இருந்து நாலாவது வரிசையில, அந்தப் பக்கம், ஒரு ஞ போட்டுட்டுத்தான் வந்தேன். அன்னைக்கு உங்களுக்கு அதுதான் பாடம்."

எனக்கு அப்படியே உடம்பு லேசானது. நாற்பது வருஷம். கிறுக்கி, என்று திட்டினேன். அவள் சிரித்தாள். டீ வைத்துக் குடித்தோம்.

சாயங்காலம் தெரு மாடுகளுக்குப் பழத்தோல் போடப் போனபோதுதான் ஞாபகம் வந்தது. வளையல். அந்த நாளில் அவள் இரண்டு கையிலும் கண்ணாடி வளையல் நிறையப் போடுவாள். சாந்துச் சட்டியை இறக்கினால் சட்டிக்கு முன்னால் வளையல் சத்தம் கேட்கும். அந்தத் தட்டில் வளையல் சத்தம் இல்லை. இரண்டாவது தடவை தட்டு வந்தபோது என் வலது பக்கம் சாந்துச் சட்டி இறங்கின மாதிரியும் இருக்கிறது, வளையலோடு. தட்டுக்கு முன்னால் இறங்கியதா, பின்னால் இறங்கியதா? அதை எவ்வளவு தடவை மனதில் ஓட்டிப் பார்த்தாலும் ஒவ்வொரு தடவை ஒவ்வொரு மாதிரி வருகிறது.

இரண்டு நாள் கழித்துக் கேட்டேன். "நெசமாலுமே நீதானா புள்ள?"

"முடிவு சொல்லியாச்சல்லோ. விடுங்க."

அவள் அதைச் சொன்ன தொனி எனக்குத் தெரியும். நான் பல்லி சொன்ன தொனி.

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்க நாளும் அதிகம் இல்லை. கார்த்திகையில் அவளுக்கு ஒரு வாரம் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் மூன்று நாள். அவ்வளவுதான். வீட்டுக்குத் திரும்பி வந்து, பீரோ கண்ணாடி முன்னால் நான் கொஞ்ச நேரம் நின்றேன் என்று சொன்னால் நீங்கள் என்ன நினைத்தாலும் பரவாயில்லை. நம் கண்ணாடி அந்த மாதிரிக் கண்ணாடி இல்லை.

போன மாதம், தசராவுக்கு விளக்குக் கம்பிகள் கட்ட ஆரம்பித்திருந்தார்கள், அக்ரஹாரத்துக்கு பஸ் ஏறினேன். துணிப்பையில் கரணையும் ஒரு சின்ன உளியும் வைத்திருந்தேன். பூச்சைச் சுரண்டிப் பார்ப்பது எனக்குப் பெரிய வேலை இல்லை. உள்ளங்கை அளவு எடுத்தால் போதும், பிறகு நானே பூசிக் கொடுத்துவிடலாம்.

வீடு இருந்தது. அண்ணன்காரர் பக்கம் இப்போது ஜெராக்ஸ் கடை. ஒரு அம்மா நடத்துகிறாள், நம் ஆள்தான், பாதி கன்னடமும் பாதி தமிழுமாகப் பேசுகிறாள். நான் கட்டிய சுவரில் ஃபைல் அடுக்குகிற இரும்பு ராக்கை நிறுத்தியிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன், முழுசாக இல்லை, நான் கட்டிய சுவர் என்று மட்டும்.

"ஹௌதா, அப்படியா தாத்தா? அப்ப ஒரு ஆணிகூட உள்ளே போகாம என் உயிரை வாங்கினது நீங்கதானா?"

"நல்ல கலவைம்மா."

"நல்ல கலவை இருந்து எதுக்கு? தசரா முடிஞ்சதும் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. ரெண்டு பக்கமும் ஒருத்தரே வாங்கிட்டாரு. இடிச்சு காம்ப்ளக்ஸ் கட்டறாங்களாம்."

தெருவைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். அங்கே இப்போது ஷாமியானாக்காரரின் குடோன். பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கியிருந்தன. பார்த்துவிட்டுப் போகிறேன் என்றதும், போங்க என்றுவிட்டு அவர் போனில் பேசப் போய்விட்டார். உள்ளே நுழைந்து நிமிர்ந்து பார்த்தேன். ஊஞ்சல் கொக்கி இரண்டும் அப்படியே இருந்தன. என் சுவரை முதல் தடவையாகப் பின்னாலிருந்து பார்த்தேன். யாரோ ஒரு கொத்தனார் சிமெண்டு வைத்து, மிகவும் சுத்தமாகப் பூசி வெள்ளையடித்திருந்தார். ஒரு விரிசல் இல்லை. கல் ஒன்றும் தெரியவில்லை.

நாலாவது வரிசை எங்கே வரும் என்று எனக்குத் தெரியும். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே. குந்தி உட்கார்ந்தேன். உளியை எடுத்தேன். வைத்தேன். அந்தப் புத்தகத்தில் எட்டிப் பார்த்தவர்கள் எல்லோரையும் நான் திட்டியிருக்கிறேன், சும்மா இருந்திருக்கலாமே என்று. அங்கே எழுத்து இருந்தால் நாற்பது வருஷப் பயம் போய்விடும். இல்லாவிட்டால், பயம் அப்படியே நிற்கும், என் வீட்டுக்காரி கொடுத்துவிட்டுப் போன முடிவும் போய்விடும். உளியைப் பையில் போட்டேன்.

கரணையைத் திருப்பிப் பிடித்து மூன்று தட்டு தட்டினேன்.

பதில் வந்தது. நாலு.

கரணையையும் பையில் போட்டேன். பிறகு எழுந்து, தெருவைச் சுற்றி, ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். அந்த அம்மா ராக்குக்குப் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நீயாம்மா தட்டினே?"

"ஆமா தாத்தா. நீங்க தட்டினீங்க, நானும் தட்டினேன். கேட்டுச்சா?"

அவள் கையைப் பார்த்தேன். பண்டிகைக்குப் போட்டது, முழங்கை வரைக்கும் பச்சைக் கண்ணாடி வளையல். அவள் கையை அசைத்தாலே கடை முழுக்கச் சத்தம். அந்தப் பக்கம் எனக்கு ஒரு வளையல்கூடக் கேட்கவில்லை. அப்படியென்றால் என் வீட்டுக்காரி சொன்னது நிஜமாகவே இருக்கலாம். சந்தோஷமாகத்தான் இருந்தது. பஸ் ஸ்டாப் வரைக்கும் இருந்தது. அங்கே நிற்கும்போது, அன்றைக்கு மேலே ஒரு கல் அளவு சந்து திறந்திருந்ததே, இன்றைக்கு இல்லையே என்று தோன்றியது. சந்து இருந்தால் வளையல் சத்தம் வந்திருக்கும்.

திரும்பிப் போய் இன்னொன்றும் கேட்டேன். எத்தனை தட்டு தட்டினாள் என்று.

"எண்ணிட்டா தட்டுவாங்க தாத்தா?" என்றாள்.

அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற உங்களிடம் ஒரு உதவி. இடிக்கிற வேலைக்கு இப்போது வடக்கேயிருந்துதான் ஆள் வருகிறார்கள். எனக்கு இந்தி தெரியாது, கன்னடம் சொன்னால் அவர்களுக்குப் புரியாது. நீங்களோ, உங்களுக்குத் தெரிந்த யாரோ, அக்ரஹாரத்துக்குப் போனால் அவர்களிடம் சொல்ல வேண்டும். நடுவீட்டில் அடைத்த வாசல், ஜெராக்ஸ் கடைப் பக்கம் நின்று பார்த்தால் மேலே வலது மூலையில் கடைசிக் கல், அதற்குச் சாந்து கிடையாது, தலையில் விழும், பார்த்து நில்லுங்கள் என்று. கீழேயிருந்து நாலாவது வரிசையில் ஏதாவது கல்லில் கரி எழுத்து தெரிந்தால், அந்தக் கல்லை உடைக்காமல் ஓரமாக எடுத்து வைக்கட்டும். நான் வந்து எடுத்துக்கொள்கிறேன். எழுத்து இல்லாவிட்டால் யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

கடப்பாரையை வைப்பதற்கு முன்னால் மூன்று தட்டு தட்டிவிட்டு, கொஞ்ச நேரம் காத்திருக்கச் சொல்லுங்கள்.